கரண்டு மீனும் அழகம்மாவின் திமிரும்

லூனாஸில் புவனேசன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கையைக் காட்டுவார்கள். கரண்டு மீன்காரர் வீடு என்று கேட்டால் எல்லாக் கையும் ஒரே பக்கம்தான் நீளும். எங்கள் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை, ஓரத்து வீடு. அதற்கு அடுத்தது என் வீடு. அந்த மனிதரின் சத்தத்தையும் மீன் வாடையையும் இத்தனை வருடமாகச் சகித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முன்பெல்லாம் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். இப்போது யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஐஸ் பெட்டியைக் கிளற ஆரம்பித்துவிடுகிறார். ஓயாமல் பேசிய மனிதன் அப்படி நிற்பதைப் பார்க்கும்போது, பழையபடி கத்தித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையும் அவர் மனைவி அழகம்மாவின் வலது கால் போன கதையும் ஒன்றுதான். அதனால்தான் இப்படி.

அவர் கடலோரத்தில் பிறந்தவர் இல்லை. பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவினார்கள். இவர் செம்பனைக் குலை வெட்டினார். தோட்டத்தில் பாதியை வீடு கட்ட எடுத்துக்கொண்டபோது பெண்டாட்டி, மகளோடு லூனாஸுக்கு வந்தார். கூலிமில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இவரால் எத்தனை மணி நேரமும் நிற்க முடியும், வாயை மூடத்தான் முடியாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளையும் ஐஸ் பெட்டியையும் வாங்கிக்கொண்டு மீன் விற்கக் கிளம்பிவிட்டார்.

மீன் எடுப்பது கோலா மூடா படகுத்துறையில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தைக் கத்திக் கேட்கக் கூடாது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் ஏலம் விடுகிறவரின் காதில் தங்கள் விலையைக் கிசுகிசுத்துவிட்டு வர வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியாது. நம் ஆளுக்குக் கிசுகிசுப்பு எங்கே வரும்? தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. இவர் காதோரம் குனிந்து சொன்னால் படகு கட்டியிருக்கும் இடம் வரைக்கும் கேட்கும். அடுத்தவன் அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கிசுகிசுத்து நல்ல கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கடைசியில் பாக் மான் என்ற கிழட்டு மீனவர், "நீ வாயைத் திறக்காதே, விரலால் என் உள்ளங்கையில் எழுது" என்று மலாயில் திட்டி இவருக்கு மட்டும் வழக்கத்தைத் தளர்த்தினாராம். இதைப் புவனேசன்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் அவருக்குக் கஞ்சத்தனமே கிடையாது. அடுத்தவர் மெதுவாகச் சொல்வதைக் காதில் வாங்குவதில்தான் கஞ்சத்தனம்.

மெதுவாகச் சொல்கிற ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அழகம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அதிகம் பேச மாட்டார். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். கேட்டால் கேளு, கேட்காவிட்டால் போ.

கல்யாணமான புதிதில் தோட்டத்தில் நடந்ததாம். உதிர்ந்த பழத்தைச் சரியாகப் பொறுக்கவில்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் அக்காவை ஏசியிருக்கிறார். அக்கா சாக்கை மடித்துக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். பொறுக்காமல் விட்டது அக்காவின் நிரை இல்லை, பக்கத்து நிரை என்று பிறகு தெரிந்தது. மண்டோர் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட வேண்டியதாயிற்று. "இந்தப் பொம்பளைக்குத் திமிரு புடிச்சிருக்கு" என்று முனகிக்கொண்டே போனாராம். மண்டோர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தச் சொல் மட்டும் அக்காவோடு லூனாஸ் வரைக்கும் வந்துவிட்டது. வேறு புருஷனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். புவனேசனுக்கோ அது சுல்தான் கையால் டத்தோ பட்டம் கிடைத்த மாதிரி. "என் பொண்டாட்டி திமிரு புடிச்சவ, தெரியும்லா?" என்று புதிதாக வருபவர்களிடம் அறிமுகமே அப்படித்தான் செய்வார். அக்கா உதட்டோரம் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இனி மீன்.

ஒரு நாள் பாக் மான் வலையைப் பிரிக்கும்போது, விலைக்கு ஆகாததை ஒதுக்கும் குவியலில் சின்னத் திருக்கை ஒன்று கிடந்திருக்கிறது. திருக்கைதானே, குழம்புக்கு ஆகுமே என்று புவனேசன் இரண்டு கையாலும் தூக்கினார். முழங்கை வரைக்கும் உள்ளுக்குள்ளே யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்ததாம். மீனை எறிந்த வேகத்தில் தானும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பாக் மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈக்கான் லெட்ரிக் என்றார். மின்சார மீன். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். நம் ஆளுக்கு அதன் மேல் காதல் வந்துவிட்டது.

நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு சாண் நீளம்தான். உடம்பு அப்பம் மாதிரி வட்டமாக, சதை கொழகொழவென்று இருக்கும். செதில் கிடையாது. மற்றத் திருக்கைகளின் சாட்டை வாலும் விஷ முள்ளும் இதற்கு இல்லை. வால் குட்டையாகத் தடித்து, நுனியில் மட்டும் சின்னதாக ஒரு துடுப்பு. கரண்டு அடிக்கிற இதன் உறவுக்கார மீன்களுக்கு முதுகுப் பக்கம் ஒன்றோ இரண்டோ துடுப்பு இருக்குமாம். இதற்கு முதுகு மொட்டை. மேலே சேற்றுப் பழுப்பு, அடியில் வெள்ளை. கண் மிளகளவு. கண்ணை ஒட்டியே மூச்சு விடும் துளை இரண்டு. தலைக்கு இரண்டு பக்கமும் தோலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை வடிவத்தில் இரண்டு திட்டுகள் தெரியும். உற்றுப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். கரண்டு பிறக்கிற இடம் அதுதான்.

இது ஆழக்கடலில் இருக்கிற சாமான் இல்லை. நம் நீரிணையில், கரையை ஒட்டி, மணலும் சேறும் கலந்த தரையில் கிடக்கும். உடம்பை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் நெளிகிற புழு பூச்சிதான் சாப்பாடு. முட்டை போடாது, குட்டிதான் போடும். நீந்துவதில் மகா சோம்பேறி. தொட்டவனைத் தூக்கி அடிக்கிற வசதி இருக்கும்போது அது ஏன் ஓட வேண்டும்? அடுத்தடுத்து அடித்தால் மட்டும் களைத்துப்போகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரும்பவும் அடிக்கும். இவ்வளவும் பாக் மான் சொன்னது. இடி இடிக்கும்போது மேலே வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்பது புவனேசன் சேர்த்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்றிலிருந்து வலையில் உயிரோடு அகப்பட்டால் பாக் மான் எடுத்து வைப்பார். இவர் மூடி போட்ட வாளியில் கடல் தண்ணீரை ஊற்றி, தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் பேட்டரி பம்பால் காற்று விட்டு, மோட்டாரின் முன்னால் கட்டிக்கொண்டு வருவார். புக்கிட் செலம்பாவில் நிறுத்துவார், தோட்டத்து வாசலில் நிறுத்துவார், லூனாஸ் சந்தையில் நிறுத்துவார். மீனைப் பேசினில் விடுவார். "வாங்க, வாங்க, தொட்டுப் பாருங்க. பில் நா கட்டிக்கிறேன்." கூட்டம் சேரும். தொட்டவர்கள் கத்துவார்கள், தொடாதவர்கள் சிரிப்பார்கள், நடுவில் மீனும் விற்கும். அந்த மீன் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் செத்துவிடும். பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு, "நாளைக்கு இன்னொண்ணு" என்பார். அது அந்த மீனுக்குச் செய்த பாவம் என்று அக்கா ஒரு தடவை சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார்.

கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மஜீத் பாய்க்கு முட்டி வலி. ஒரு நாள் விளையாட்டாகக் காலை வைத்து, தூக்கிவாரிப்போட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் முட்டி லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், புவனேசன் வைத்தியராகிவிட்டார்.

"பாய், கரண்டு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சாவா? உயிரே போச்சு, புவனேசு."

"அப்ப ஒங்க நரம்பு நல்லாருக்கு. கரண்டு தெரியலன்னாதான் பயப்படணும். தெரியாதவன் நேரா கிளினிக்குக்கு ஓடணும்லா."

இதை அவர் மஜீத் பாயிடம் மட்டும் சொல்லவில்லை. காலைக் கொண்டுவந்து வைத்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் அடித்துவிட்ட ஆயிரம் கதைகளில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். அந்தப் பேச்சை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குத் தேவைப்பட்ட அன்று கையை விரித்துவிட்டார்.

அது தீபாவளிக்கு மறுநாள். எனக்கு வேலை. நான் பார்த்தது வீடியோவில்தான். ஆனால் எங்கள் தாமானில் அந்த வீடியோவை மனப்பாடமாகத் தெரியாதவர் யாரும் இல்லை. வீடு நிறைய விருந்தாளிகள். அக்காவின் தம்பி யோகேந்திரன் புக்கிட் செலம்பாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். செக்யூரிட்டி வேலை, ஆள் வாட்டசாட்டம். அவர்தான் முதலில் செருப்பைக் கழற்றினார். காலை வைத்ததும் ஒரு கத்து கத்தி, பின்னால் எகிறி, பூச்சட்டியின் மேல் உட்கார்ந்தார். அடுத்து புவனேசனின் மகள் ஷீலா. அடுத்து அவளுடைய ஃபேக்டரித் தோழிகள். ஒரே கூச்சல். சத்தம் கேட்டு, பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஈரக் காலோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"நீயும் வை, அழகு" என்றார் புவனேசன்.

அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வலது காலைப் பேசினுக்குள் மீன் மேல் வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் அழுத்தினார். ஒன்றும் இல்லை. காலை எடுத்துவிட்டு இடது காலை வைத்தார். அதுவும் அப்படியே. அக்கா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார்.

"மீனுக்கு சார்ஜ் முடிஞ்சிருச்சு, மச்சான்" என்றபடி யோகேந்திரன் விரலை விட்டார். அடுத்த நொடி "அம்மாடி" என்று கையை உதறிக்கொண்டு ஓடினார். வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. புவனேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"பாத்தீங்களா? கரண்டே என் பொண்டாட்டிகிட்ட பம்முது. இவ திமிருக்கு முன்னால லெட்ரிக் என்னா செய்யும்?"

வீடியோவில் அடுத்து அக்காவின் குரல் மெதுவாகக் கேட்கும். கால்களைப் பார்த்துக்கொண்டு சொல்வார். "ஆமா, ரெண்டு காலுலயும் திமிரு புடிச்சுதான் கெடக்கு, கொஞ்ச நாளா."

அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய சிரிப்பு. கைதட்டல். யாரோ விசிலும் அடிக்கிறார்கள். அக்கா ஒரு நிமிஷம் நிற்கிறார். புருஷன் முகத்தைப் பார்க்கிறார். அவர் வீடியோ எடுக்கும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அக்கா பேசினிலிருந்து காலை எடுத்து, துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். அதோடு வீடியோ முடிகிறது. "இரும்புக் கால் அம்மா" என்று தலைப்புப் போட்டு எவனோ ஊரெல்லாம் அனுப்பிவிட்டான்.

அக்காவுக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருந்தது ரகசியம் இல்லை. எங்கள் தாமானில் இனிப்பு நீர் இல்லாத வீட்டைத்தான் அதிசயமாகப் பார்ப்போம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. பாதி நாள் போடுவார், பாதி நாள் மறந்துவிடுவார். காலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நடக்கிற கால்தானே.

பின்கட்டில் மீன் ஆய்வது அக்காவின் வேலை. செருப்புப் போட மாட்டார்; வழுக்கும் என்பார். கெளுத்தியின் முள் ஒன்று ஒடிந்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. நமக்கென்றால் உயிர் போகும். அக்காவுக்குத் தெரியவே இல்லை. முள் உள்ளேயே இருக்க, அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தார். உள்ளங்காலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? புண் சீழ் வைத்தது. வாடை வந்தது. வாடை எல்லாருக்கும்தான் வந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் என்ன வாடை என்று தேடியிருப்பார்கள். மீன்காரர் வீட்டில் வாடை வந்தால் மீன் வாடைதானே. புவனேசன் ஐஸ் பெட்டியை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். சாக்கடையைக் குத்திவிட்டார். ஷீலா ஏதோ வாசனைத் தண்ணீர் வாங்கிவந்து தரையெல்லாம் துடைத்தாள். துடைத்த தரையின் மேல் அக்கா நடந்துகொண்டிருந்தார்.

காய்ச்சல் வந்து அக்கா சமையலறையில் சாய்ந்தபோதுதான் தூக்கிப் படுக்க வைத்தார்கள். காலைத் தூக்கிய ஷீலா போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதத்தில் பாதி கறுத்திருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண், மலாய்க்காரர். பொறுமையாக விசாரித்தார். கால் உணர்ச்சி இல்லாமல் போய் எவ்வளவு நாளாயிற்று என்று மலாயில் கேட்டார். அக்காவுக்கும் மலாய் தெரியும். காய்ச்சல் வேகத்தில் வாயில் தமிழ்தான் வந்தது. ஷீலா குனிந்து கேட்டாள்.

"அம்மா, கால்ல எப்பலேருந்து ஒண்ணும் தெரியல?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. மீனு மேல நிக்கறப்ப. திமிரு புடிச்சிருக்குன்னு."

ஷீலா டாக்டரிடம் திரும்பினாள். "டியா காத்தா, காக்கி டியா..." என்று, அம்மா தன் காலைப் பற்றிச் சொல்வதாக மலாயில் ஆரம்பித்து, கொஞ்சம் தடுமாறி, "சொம்போங்" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சொம்போங் என்றால் செருக்கு, தலைக்கனம். இந்த அம்மாவின் காலுக்குச் செருக்கு அதிகம் என்று மகள் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஷீலாவுக்கே தான் சொன்னது விளங்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் வயசுப் பிள்ளைகளுக்குத் திமிர் என்றால் அது ஒன்றுதான். கால் மரத்துப்போனால் அவர்கள் மலாயில் கெபாஸ் என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் தெரிந்தவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். புவனேசன் வளர்ந்த லயத்து வீட்டில் குந்தியிருந்து எழுந்த கிழவிகளெல்லாம் காலைத் தட்டிக்கொண்டு, "திமிரு புடிச்சுக்கிச்சு" என்றுதான் சொல்வார்கள். அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். மாமியார் சொல்லியிருக்கிறார். மரத்துப்போவதற்கும் அதே சொல், மண்டைக்கனத்துக்கும் அதே சொல். இரண்டு அர்த்தமும் தெரிந்த மனிதர், அன்றைக்குத் தனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்.

"கெபாஸ், டாக்டர்" என்றார். "கெபாஸ்."

அந்த மனிதரின் தொண்டையிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வந்து நான் கேட்டதில்லை. டாக்டருக்கே இரண்டாவது தடவை சொன்னபிறகுதான் கேட்டது.

முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று நிதானமாக விளக்கிவிட்டுத்தான் எடுத்தார்கள். அக்கா கையெழுத்துப் போடும்போது அழவில்லை. அழுதவர் இவர்தான். ஆஸ்பத்திரிக்கு வெளியே மோட்டார் நிறுத்துமிடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"தம்பி, மஜீத் பாய்க்குச் சொன்னேன்டா. தெரியலன்னா கிளினிக்குக்கு ஓடுன்னு, போறவன் வாறவனுக்கெல்லாம் சொன்னேன். என் பொண்டாட்டி எங் கண்ணு முன்னால நின்னா. தெரியலன்னு நின்னா. வாயால வேற சொன்னா. நா கைதட்டுனேன்டா."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கென்ன தெரியும் அண்ணே, விதி அண்ணே என்று நம் ஆட்கள் சொல்கிற பேச்சுகள் இருக்கின்றன. எனக்கு அவை எப்போதும் பிடித்ததில்லை. அவர் சொன்னது உண்மை. தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

திரும்ப மீன் எடுக்கப் போன முதல் நாள், நடந்தது தெரியாத பாக் மான் வழக்கம்போல ஒரு கரண்டு மீனை வாளியில் போட்டு வைத்திருந்தாராம். இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் போய், அலையில் கவிழ்த்தார். மீன் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, பிறகு மெதுவாகச் சேற்றைக் கிளறிக்கொண்டு உள்ளே போனதாம். பாக் மான் ஏன் என்று கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வழியில் மோட்டாரை நிறுத்திப் பேசுவதையும் விட்டுவிட்டார். மீன் வேண்டுமா என்று கேட்பார், கொடுப்பார், போய்விடுவார். வீடியோ மட்டும் நிற்கவில்லை. இந்தத் தைப்பூசத்துக்குக்கூட யாரோ ஒருத்தர், விஷயம் தெரியாமல், எங்கள் தாமான் குழுவிலேயே போட்டார். கீழே வரிசையாகக் கைதட்டுகிற படங்கள். ஷீலா குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

மீதி இருப்பது இடது கால். அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது அவருடைய பிழைப்பு. கிளினிக்கில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அங்கங்கே தொட்டுத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும், தெரிகிற இடம் குறைந்துகொண்டே வந்தால் உடனே கூட்டிவர வேண்டும். இவர் ஒரு நாள் தவறுவதில்லை. சாயங்காலம் வாசலில் அக்காவின் சக்கர நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கீழே உட்கார்ந்து, காலைத் தொடையில் எடுத்து வைத்துக்கொள்வார். கொஞ்ச நாளாக நல்ல செய்திதான். எங்கே தொட்டாலும் தெரிகிறதாம். "காலு திரும்பிக்கிட்டு வருது, தம்பி" என்று போன வாரம் வேலியோரம் சொன்னார். பழைய சத்தத்தில் கால்வாசி திரும்பியிருந்தது.

நேற்று வீட்டில் கொழுக்கட்டை செய்திருந்தோம். கொடுக்கப் போனேன். இருவரும் வாசலில் இருந்தார்கள். அக்கா கண்ணை மூடியிருந்தார். நான் தட்டோடு படியில் நின்றேன்.

"பெருவிரலு. தெரியுதா?"

"தெரியுது."

"குதிகாலு?"

"தெரியுது."

"நடுப் பாதம்?"

"தெரியுதுங்க."

பதில் கொஞ்சம் வேகமாக வருவதாக எனக்கே பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். கை நின்றது. பஞ்சை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"சுண்டுவிரலு?"

"தெரியுது. நல்லாவே தெரியுது."

அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழகு, நா தொடவே இல்லம்மா" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மடியில் இருந்த துண்டின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலன்னு சொன்னா நீங்க அழுவுறீங்க" என்றார்.